பெயரைச் சொல்லும் துணிவு

நரகத்தையும் சுவர்க்கத்தையும் பாடுகிற காவியத்துக்கு 'இன்பியல்' என்று தாந்தே ஏன் பெயர் வைத்தார்? 'தெய்வீக' என்ற அடைமொழி பிற்காலத்தார் ஒட்டியது. 1555-ல் வந்த வெனிஸ் பதிப்பில்தான் அது தலைப்பில் ஏறியது. வர்ஜிலின் காவியம் உயர்ந்த துன்பியல் என்று வர்ஜில் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, அடுத்த சருக்கத்திலேயே தம்முடையதை இன்பியல் என்கிறார். துயரத்தில் தொடங்கிச் சுபமாக முடிகிறது, தாய்மொழியில் எளிய நடையில் அமைந்தது என்று சமாதானம் சொல்வார்கள். சரிதான், ஆனால் போதாது.

மீதிப் பதில் லத்தீன் அங்கதக்காரர்களிடம் இருக்கிறது என்பது என் கட்சி. நரகத்தின் முதல் வட்டத்தில் ஹொரேஸைக் காணும் தாந்தே, அவரை இசைப்பாடல்களின் கவி என்று சொல்லவில்லை. அங்கதக்காரர் என்றே அறிமுகம் செய்கிறார். குற்றத்தை மூடி மறைக்காமல் பச்சையாகச் சொல்வதே அங்கதம் என்று இடைக்காலத்து ஆசிரியர்கள் கற்பித்தார்கள். அந்த நாக்குக்குத் துன்பியலின் ராஜநடையில் இடமில்லை. இன்பியலில் உண்டு. அதனால்தான் போப் மூன்றாம் நிக்கோலஸைக் குழியில் தலைகீழாக நட்டு, உள்ளங்கால்களில் தீ வைக்க முடிந்தது.

ஜூவனால் தம் முதல் அங்கதத்தை முடிக்கும்போது, செத்தவர்களைத்தான் தொடப் போவதாகச் சொல்கிறார். உயிரோடிருப்பவர்களைத் தொட்டால் ஆபத்து! தாந்தேயும் செத்தவர்கள் ஊருக்குத்தான் போகிறார். ஆனால் அங்கே பனிக்கட்டியில் உறைந்து கிடப்பவர்களில் பிராங்கா தோரியா என்ற ஜெனோவாக்காரர் ஒருவர். விருந்துக்கு அழைத்து மாமனாரைக் கொன்றவர். நரகப் பகுதி எழுதப்பட்டபோது அவர் உயிரோடுதான் இருந்தார். ஆத்மா இங்கே வந்துவிட்டது, பூமியில் உண்டு உறங்கி நடமாடுவது பேய் புகுந்த வெற்றுடம்பு என்கிறார் தாந்தே. எத்தனை துணிச்சல்!

நானும் கதை எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதரை ஒரு கதையில் வைத்தேன். ஊரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன், மீசையைக்கூட எடுத்துவிட்டேன். அவரே படித்துவிட்டு, "இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே, ஸார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? அது வெறும் வசையாகவும் போய்விடலாம். தாந்தே வேறொன்றும் செய்தார். கழுவாய் மலையில் கர்விகள் பாரம் சுமந்து கூனி நடக்கும்போது தாமும் குனிந்து நடக்கிறார். அந்தப் பாரம் தமக்கும் காத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஜூவனாலின் சாட்டை பிறர் முதுகோடு நின்றுவிடும். தாந்தேயின் சாட்டை அவர் முதுகுக்கும் வந்தது.

என் கதையில் மீசை எடுத்த கை, என் முதுகையும் பத்திரமாகத்தான் மறைத்திருந்தது.