மணலில் உட்கார்ந்த பாதிரியும் 'இங்கே வா' துரையும்

சீகன்பால்க் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்தால் ஒன்று புரியும். எல்லாமே ஒரே வார்ப்பு. தரங்கம்பாடிக்கு வந்தார், அச்சுக்கூடம் அமைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்தார், தமிழுக்குத் தொண்டு செய்தார். முடிந்தது. 'தொண்டு' என்ற சொல் வந்தவுடன் அந்த மனிதர் சிலையாகிவிடுகிறார், மாலை போட்டுவிட்டு நாமும் நகர்ந்துவிடுகிறோம். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு அவர் மதம் மாற்ற வந்தவர், அவ்வளவுதான், அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. இந்த இரண்டு தரப்பும் அவர் எழுதிய கடிதங்களைத் திறந்து பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அவருடைய சாதனைப் பட்டியலைவிட முதல் சில மாதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு மொழி சுத்தமாகத் தெரியாத ஊரில் இறங்கிய ஒருத்தர் அதை எப்படிக் கற்றார்? யாரிடம் கற்றார்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துப் படித்தால் சீகன்பால்க் வேறு ஆளாகத் தெரிகிறார். பேராவில் ரப்பர் தோட்டத்து வழியில் வந்த நமக்கு இந்தக் கேள்விகள் தரங்கம்பாடியோடு நிற்பதும் இல்லை.

முதலில் கதை. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, ஜெர்மானியர்களான பார்த்தலோமேயு சீகன்பால்க்கும் ஹென்ரிக் புளூட்சாவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடல் பயணம். சீகன்பால்க்குக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. அரசருடைய கடிதம் கையில் இருந்தும் அங்கிருந்த டேனிஷ் தளபதி அவர்களை வரவேற்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்குப் பாதிரிகள் தொந்தரவு. மொழி சொல்லிக்கொடுக்கப் பள்ளி கிடையாது, பயிற்சி கிடையாது, கையில் பாடப்புத்தகமும் கிடையாது.

இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் பொதுமொழியாகப் புழங்கிய போர்த்துகீசை புளூட்சா எடுத்துக்கொண்டார், தமிழ் சீகன்பால்க்குக்கு வந்தது. அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் பேசி, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார்கள். அவரும் அவர்களோடு உட்கார்ந்து பழகினார். ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துவிட்டு, கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று வந்தவர், ஐந்து வயசுப் பசங்க பக்கத்தில் உட்கார்ந்து 'அ' போடுகிறார்.

மணல் எழுத்து சொல்லிக்கொடுத்தது, அர்த்தம் சொல்லவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது. அங்கேதான் அழகப்பன் வருகிறார். போர்த்துகீசும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் தெரிந்த துபாஷி. ஒருவர் எழுத்தைக் கொடுத்தார், இன்னொருவர் பொருளைக் கொடுத்தார். எட்டு மாதத்தில் சீகன்பால்க் பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் தன் தினசரிப் படிப்பு முறையையும் எழுதி வைத்திருக்கிறார். காலையில் 7 முதல் 8 வரை பழைய சொற்களை மனப்பாடம் செய்வது. 8 முதல் 12 வரை இதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவர், புதுச் சொற்களைக் குறித்துக்கொள்ள ஒரு எழுத்தர். பிடிபடாத இடங்களைப் புலவர் பேச்சுத் தமிழில் விளக்க வேண்டும். மத்தியானம் மறுபடி வாசிப்பு. ராத்திரி கண் சோர்ந்தபிறகு இன்னொருவர் வாசிக்க அவர் கேட்பார். தனக்குப் பிடித்த நடை உள்ள நூல்களை நூறு தடவை வரைக்கும் படித்ததாகச் சொல்கிறார். பொறியியல் படித்த எனக்கு இது ஒரு வேலைத்திட்டம் மாதிரிதான் முதலில் தெரிந்தது. ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு நாள் முழுக்க அவருடைய வேலை கேட்பதும் வாசிப்பதும்தான். அவரைச் சுற்றி இருந்த எல்லாருமே அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள்.

இதன் விளைவுதான் 1708-இல் அவர் முடித்த 'பிப்லியோதெக்கா மலபாரிக்கா'. ஊருக்குள்ளே ஆள் அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கிச் சேர்த்து, 119 தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 2012-இல் வில் ஸ்வீட்மனும் இலக்குவனும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பதிப்பில் இதை இப்போது முழுசாக வாசிக்கலாம். நூலகப் பட்டியல் என்று இதைச் சொல்வது போதாது. இந்த நூல் எதைப் பற்றியது, யார் படிக்கிறார்கள், பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்களா, தனக்கு என்ன தோன்றியது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறார். சொல்லப்போனால் இது மதிப்புரைத் தொகுப்பு. இந்த மாதிரி இணைய இதழில் புத்தக மதிப்புரை எழுதுகிற நாம் எல்லோரும் இதை ஒரு முன்னோடியாகப் படிக்க வேண்டும். சில குறிப்புகளில் எரிச்சல் இருக்கிறது, சிலவற்றில் அலட்சியம் இருக்கிறது. திருக்குறள் மாதிரி நூல்களுக்கு வரும்போது மரியாதை கூடுகிறது. அதே 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கொன்றைவேந்தனும் உலகநீதியும் இன்றைக்கும் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளைகள் ஒப்புவிப்பவை. அவரும் பிள்ளைகளின் பாடத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பக் கூடாது. அவர் தமிழ் படித்தது தமிழ்மேல் காதல் வந்து அல்ல. இந்த ஜனங்களின் நம்பிக்கை தவறு என்று நிரூபிக்கத்தான் படித்தார். அந்த நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. ஆனால் படிப்பு அவருக்கு வேறு ஒன்றையும் செய்தது. 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த அவருடைய ஆசான் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா என்கிற மாதிரியான பதில். நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கிடப்பில். ஒரு மொழியை ஒழுங்காகக் கற்ற ஆள் அவரை அனுப்பியவர்களுக்கே சங்கடமாகிவிடுகிறார். 'தொண்டு' கட்டுரைகளும் சரி, எதிர்ப்புக் கட்டுரைகளும் சரி, இந்தச் சங்கடத்தைத் தொடுவதே இல்லை.

அவருடைய தமிழ் நல்ல தமிழா என்ற கேள்வியும் இருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்த இயேசு சபைக்காரர் வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கடுமையாகக் கேலி செய்தார். தேம்பாவணி எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதே வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சு வழக்குக்குத் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் அச்சானது எங்கே என்றால், அவர் கேலி செய்த அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில். பண்டிதரிடம் கற்ற தமிழா, பள்ளிப் பிள்ளைகளிடம் கற்ற தமிழா என்ற சண்டை நம் எழுத்தில் இன்னும் ஓயவில்லை. அதை முதலில் அச்சில் போட்டுக்கொண்டவர்கள் இரண்டு வெளிநாட்டுப் பாதிரித் தரப்புகள்.

எனக்கு இந்தக் கதையில் பெரிய குறையாகத் தெரிவது வேறு. கடிதங்கள் முழுக்க மாணவரின் குரல்தான். சொல்லிக்கொடுத்தவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். அழகப்பன் மிஷனுக்கு வேலை செய்ததற்காக ஊரை விட்டே துரத்தப்பட்டவர். பிறகு 1712-க்கும் 1714-க்கும் இடையில் தமிழர்களிடம் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கிய 99 கடிதங்களில் பலவற்றில் ஆய்வாளர்கள் அவருடைய கையைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கடிதங்களின் தமிழ் மூலம் நம்மிடம் இல்லை. ஜெர்மன் மொழிபெயர்ப்பாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தமிழன் தமிழில் சொன்ன பதிலை நாம் ஜெர்மன் வழியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பிலிப்பைன்ஸில் இதற்கு ஓர் எதிர்ப்பக்கம் உண்டு. அங்கே ஸ்பானியப் பாதிரிகள் தகாலோக் கற்றார்கள். பிரான்சிஸ்கோ பிளாங்காஸ் தே சான் ஹோசே எழுதிய தகாலோக் இலக்கணம் 1610-இல் பத்தானில் வந்தது. அதை அச்சிட்டவர் தோமாஸ் பின்பின் என்கிற தகாலோக்காரர். அச்சிட்டதோடு அவர் நிற்கவில்லை. அதே 1610-இல் தன் மக்கள் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொள்ள, தகாலோக்கிலேயே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். பாதிரி நம் மொழியை எடுக்கிறார் என்றால் நாமும் அவர் மொழியை எடுப்போம் என்கிற மாதிரி. விசென்தே ரஃபயேல் 1988-இல் எழுதிய ஆய்வில் இந்தப் புத்தகத்தை மிக நுட்பமாக வாசித்திருப்பார். அழகப்பனிடமிருந்து நமக்கு அப்படி ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. இருநூறு வருஷம் கழித்து ஈப்போவுக்கு மிஷன் வந்தபோது கற்கும் திசையும் மாறிவிட்டது. மெதடிஸ்ட்காரர்கள் 1895-இல் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார்கள், 1912-இல் லா சால் சகோதரர்களின் செயின்ட் மைக்கேல்ஸ் வந்தது. தமிழ்ச் சபைகளும் தமிழில் பேசிய குருக்களும் இருந்தார்கள்தான். ஆனால் ஊர் நினைவில் நிற்பது ஆங்கிலப் பள்ளிதான். நாம் அவர்கள் மொழியைக் கற்றோம்.

தோட்டத்தில் மட்டும் வெள்ளைக்காரர் தமிழ் கற்றார். எப்படிக் கற்றார் என்பதற்கு ஒரு புத்தகத்தின் பெயரே போதும். ஏ. எம். பெர்குசன் இலங்கையில் சின்னத் துரைகளுக்காகப் போட்ட கையடக்கத் தமிழ் வழிகாட்டியின் தலைப்பு 'இங்கே வா'. 'வாங்க' கூட இல்லை, வா. 1915-இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 'கூலித் தமிழ்' என்றே ஒரு நூல் போட்டார், தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளிக்குப் புரிகிற தமிழ் என்ற விளக்கத்தோடு. மலாயாவுக்கு வந்த சின்னத் துரைகளும் இதே வகைத் தமிழோடுதான் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். காலையில் பேர் கூப்பிட, நிரை பிரித்துவிட, பால் குறைந்தால் திட்ட எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவு. மிச்சத்தைக் கிராணியும் கங்காணியும் பார்த்துக்கொண்டார்கள்.

சீகன்பால்க்கையும் சின்னத் துரையையும் பக்கத்தில் வைத்தால் அவர்களுடைய இலக்கணமே வேறாக இருக்கிறது. இரண்டு பேருக்குமே நோக்கம் சுத்தமானது இல்லை. ஒருவருக்கு ஆன்மா வேண்டும், ஒருவருக்குப் பால் வேண்டும். ஆனால் முன்னவருக்குக் கேள்வி வாக்கியம் தேவைப்பட்டது. இது என்ன, ஏன் இப்படிச் செய்கிறீர்கள், இந்தப் பாட்டுக்கு என்ன பொருள். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பின்னவருக்கு ஏவல் போதும். ஏவலுக்குப் பதில் தேவையில்லை, உடம்பு நகர்ந்தால் போதும். நம் தோட்டத்துக் கதைகளில் வரும் துரை கொச்சைத் தமிழில் கத்தும்போது நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அவர் உச்சரிப்பு தப்பு என்பது சின்ன விஷயம். நூறு பேரோடு வருஷக்கணக்காக வாழ்ந்தும் அவருக்குத் தமிழில் ஒரு கேள்விகூடத் தேவைப்படவில்லை என்பதைத்தான் அந்தக் கதைகள் எழுதியிருக்க வேண்டும்.

இன்றைக்குப் பேராவில் பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, சில தாமான்களாகிவிட்டன. லயத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் இருந்து தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறோம், சிலர் மேற்பார்வையாளராகவும் ஆகியிருக்கிறோம். நமக்குக் கீழே வேலை செய்வது வங்காளதேசத்தவர், நேபாளி, இந்தோனேசியர். நான் பார்த்த உற்பத்தித் தளங்களில் நம்மவர்களுக்கும் அவர்கள் மொழி கொஞ்சம் தெரியும். வங்காளத்தில் 'தாடாதாடி', நேபாளியில் 'சிட்டோ'. இரண்டுக்கும் 'சீக்கிரம்' என்று பொருள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, ராத்திரி என்ன படிப்பாய் என்று கேட்க அந்த மொழியில் யாருக்கும் சொல் தெரியாது. நம் தாத்தாவிடம் பேசப்பட்ட 'இங்கே வா' இப்போது வேறு மொழியில் நம் வாயில் இருக்கிறது.

நம் சிறுகதைகளிலும் இதே நிலைதான். வெளிநாட்டுத் தொழிலாளி வருகிறார், பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார், ஒரு வரி உடைந்த மலாய் பேசுகிறார், போய்விடுகிறார். துரை நம்மை எழுதிய மாதிரியே நாம் அவரை எழுதுகிறோம். மலேசியத் தமிழ் எழுத்தாளருக்குக் கதைக்கரு தீர்ந்துவிட்டது, தோட்டம் போய்விட்டது என்று புலம்பல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தோட்டம் போகவில்லை, ஆள் மாறியிருக்கிறார்கள். அவர்களை எழுத முதலில் அவர்களிடம் கேட்கத் தெரிய வேண்டும். அதற்கு ஆங்கிலம் உதவாது, பாசார் மலாயும் ரொம்ப தூரம் வராது.

சீகன்பால்க் 1719-இல், 36 வயதில் இறந்தார். அவர் மதத்தை ஏற்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அவர் அச்சுக்கூடத்துக்கு நன்றி சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். எழுதுகிற நமக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தெரியாத மொழிக்காரரின் முன்னால், தெரியாதவராகவே கொஞ்ச காலம் தரையில் உட்கார அவருக்கு முடிந்தது. 'பிப்லியோதெக்கா'வை அந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு உங்கள் வேலையிடத்தில் பக்கத்தில் நிற்பவரின் மொழியில் எத்தனை கேள்வி கேட்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.