பழைய பாடநூலெழுத்தும் புதிய வாசகரும்

முற்காலப் பாடநூல்களுக்கென அமைக்கப்பட்ட அச்செழுத்துக்களைக் கணினியில் மீள வரையும் முயற்சி இற்றைநாளிற் பல மொழிகளில் நிகழ்கின்றது. எதனை மீட்பது என்னும் வினாவுக்கு விடை காணாமலே தொடங்கப்பட்டவை அவற்றுட் சில. மை கசிந்த விளிம்பையும் தேய்ந்த முனையையும் அப்படியே பெயர்த்துவிட்டு, பழமையை மீட்டோம் என்பது பொருந்தாது. கசிவு காகிதத்தின் குறை. எழுத்தை அமைத்தவன் அதனைக் கருதினானல்லன்.

அமெரிக்கப் பாடநூல் வெளியீட்டாளரான ஜின் கம்பனியாரின் வேண்டுகோட்படி மொறிஸ் புல்லர் பென்ரன் என்பார் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்த ‘செஞ்சரி ஸ்கூல்புக்’ என்னும் எழுத்தை ஈண்டு நோக்குக. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு குறைவு, எழுத்தின் உள்வெளி அகன்றது, இடைவெளியும் தாராளம். சிறுவர் கண்ணுக்கென அமைந்த இக்குணங்கள் முதியோர்க்கும் உதவுவனவே. ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் தன்முன் வைக்கப்படும் அச்சிட்ட வாதவுரைகள் செஞ்சரிக் குடும்ப எழுத்தில் இருத்தல் வேண்டுமென விதித்துள்ளது!

ஈயவெழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி எழுத்து வார்க்கப்பட்டது. சிற்றளவிற் கோடு சற்றே தடித்தும் உடல் அகன்றும் வரும். கணினியிலோ பெரும்பாலும் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்குகின்றனர். பேரளவு எழுத்தைப் பார்த்து வரைந்த மீட்பு சிற்றளவில் இழைபோல் மங்குவது இதனாலேயாம்.

தமிழில் இவ்வினா மேலும் சிக்கலுடையது. 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலர் பாலபாடங்களை அச்சிட்ட காலத்தில், ணை, லை, ளை, னை என்பன யானைத் துதிக்கை போன்று வளைந்த கோட்டோடும், ணா, றா, னா என்பன காலை உடலோடு இணைத்த சுழியோடும் விளங்கின. இவற்றோடு ணொ, ணோ முதலிய ஆறுஞ் சேரப் பதின்மூன்று எழுத்துக்களின் வடிவைத் தமிழ்நாட்டரசு 1978இல் மாற்றியது. இன்று இலங்கைப் பாடநூல்களிலும் மாற்றிய வடிவங்களே வழங்குகின்றன.

ஆகவே பழைய தமிழ்ப் பாடநூலெழுத்தை மீட்போர் இப்பதின்மூன்றையும் என் செய்வது? பழைமை போற்றுவார், அவ்வாறே வைக்க என்பர். எளிமை வேண்டுவார் நீக்குக என்பர். இரண்டும் அவசரத் தீர்ப்புக்கள். ஒருங்குறியில் லை என்பதன் இருவடிவுக்கும் குறியீட்டு முறை ஒன்றே. அதன் வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. எனவே ஒரே எழுத்துருவிற் புதிய வடிவத்தை இயல்பாகவும் பழையதை வேண்டுவோர் தெரிந்தெடுக்கத்தக்கதாகவும் அமைக்கலாம். வாசகரைத் தடுக்காமலும் வடிவத்தை இழக்காமலும் இருக்க இதுவே வழியென்பது எமது துணிபு.

பழைய வடிவத்தை முற்றாக விலக்குதல் தீது. நூலகம் நிறுவனத்தார் போன்றோர் பழைய ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து யாவர்க்கும் எட்டவைத்துள்ளனர். எட்டியும் பயனென்னை? இலக்கணத்தில் தேர்ந்த உயர்வகுப்பு மாணாக்கரும் துதிக்கையெழுத்தைக் கண்டு திகைத்து நிற்றலை யாம் வகுப்பறையிற் காண்கின்றோம். ஒரு பக்கத்தில் இருவடிவையும் அடுத்தடுத்து அச்சிட்டுக் காட்டின், ஒரு பாடவேளையில் அத்திகைப்பு நீங்கும். மீட்ட எழுத்துருவின் முதற் பயன் அப்பக்கமாகலாம். அதனைச் சிற்றளவிலும் அச்சிட்டு, ண, ஞ என்பவற்றின் உட்சுழிகள் மையால் அடைபடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று.