எழுத்தின் வழிப் பேச்சு: திறந்த குரல்தரவுத் திட்டங்களும் மும்பைத் தமிழும்

மொசில்லா 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டம், கணினி பேச்சைப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய ஒலித்தரவுகளைப் பொதுமக்களிடமிருந்தே திரட்டுகிறது. திரட்டிய தரவை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பெருநிறுவனங்கள் பொருட்படுத்தாத மொழிகள் பலவற்றுக்குத் தன்னார்வலரின் குரலே முதல் மூலதனமாக அமைந்துள்ளது. தமிழும் இத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நோக்கத்தில் குறைகாண இடமில்லை. ஆயின், இரட்டை வழக்குடைய தமிழில் இச்செயல்முறை எதைப் பதிவு செய்கிறது, எதைப் புறத்தே நிறுத்துகிறது என்பது ஆராயத்தக்கது. இதற்கு மும்பைத் தமிழ் தக்கதோர் உரைகல்லாகும்.

செயல்முறை எளியது. திரையில் ஒரு வாக்கியம் தோன்றும். தன்னார்வலர் அதனைப் படித்துப் பதிவு செய்வார். பிறர் கேட்டுச் சரிபார்ப்பர். வாக்கியங்கள் பதிப்புரிமைத் தளையற்றவையாக இருத்தல் வேண்டும். ஆகவே அவை பழைய நூல்களிலிருந்தோ, தன்னார்வலர் தாமே எழுதித் தருவனவற்றிலிருந்தோ பெறப்படுகின்றன. விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றிலிருந்து மூன்று வாக்கியங்கள் வரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இவையனைத்தும் தமிழைப் பொறுத்தவரை பெரும்பாலும் எழுத்துவழக்கையே தரும்.

சரிபார்ப்பு நெறியில்தான் சிக்கல் கூர்மையடைகிறது. உச்சரிப்பு வேறுபாடு ஏற்கத்தக்கது, சொல் வேறுபாடு ஏற்கத்தக்கதன்று என்பது நெறி. ஆங்கிலத்தில் 'வீ ஆர்' என்றிருப்பதை 'வியர்' எனச் சுருக்கிப் படித்தாலும் அப்பதிவு தள்ளப்படும். ஆங்கிலத்துக்கு இது சிறியதொரு கட்டுப்பாடு. தமிழிலோ, 'வந்திருக்கிறார்கள்' என்பதை 'வந்திருக்காங்க' என்று படிப்பவர் உச்சரிப்பை மாற்றினாரா, சொல்லை மாற்றினாரா? 'மரம்' என்பதன் ஈற்று மகரம் மறைந்து முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவது ஒலியனியல் மாற்றம். 'அவர்களுக்கு' என்பது 'அவங்களுக்கு' என வருவதை அவ்வாறு மட்டும் கொண்டு அமைதல் இயலாது. மு. சண்முகம் பிள்ளை எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் மொழியியல் நோக்கில் ஒப்பிட்டு எழுதியது 1960-இல். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வேறுபாடு இத்தகைய நெறிகளை வகுப்போரை எட்டவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். அம்மொழி மும்பையில் சிறுபான்மை மொழி. மாட்டுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. அங்கும் செம்பூரிலும் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சைப் பகுதியிலிருந்தும் வந்த குடும்பங்களின் வழக்கு நிலவுகிறது. தோல்தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழக்கு தாராவியில் வேரூன்றியது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. எனினும் அவற்றில் சேரும் பிள்ளைகள் குறைந்துவந்துள்ளனர். மராத்தி, இந்தி, ஆங்கில வழியில் பயிலும் மூன்றாம் தலைமுறையினருள் பலர் வீட்டில் தமிழ் பேசுவர், தமிழ் எழுத்தை அறியார். திரையில் தோன்றும் வாக்கியத்தைப் படிக்க இயலாதவர் அத்திட்டத்தில் குரல் கொடுக்க இயலாது. எழுத்தறிந்து பங்கேற்பவரோ தம் பேச்சை விடுத்து ஏட்டுத் தமிழைப் படித்துத் தருகிறார். இருவழியிலும் தாராவித் தமிழ் தரவில் ஏறுவதில்லை. (நாயகன், காலா போன்ற திரைப்படங்களில் கேட்பதை அதற்கு ஈடாகக் கொள்ளுதல் கூடாது, அவை எழுதி நடிக்கப்பட்ட உரையாடல்களே.)

சரிபார்க்கும் தன்னார்வலரின் அதிகாரம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கூகுள் நிறுவனம் 2009-10 காலப்பகுதியில் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக்கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. இயல்பற்ற வாக்கியங்கள், எழுத்துப்பிழைகள், தமிழ் வாசகருக்குத் தொடர்பற்ற தலைப்புத் தெரிவு ஆகியவற்றைத் தன்னார்வலர் சுட்டினர். 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் அவ்விமரிசனம் முன்வைக்கப்பட்டது. 'இது தமிழன்று' என்று அவர்கள் கூறியது சரியே. அதனால் கலைக்களஞ்சியத்தின் தரம் காக்கப்பட்டது. அதே அளவுகோலை ஒலித்தரவுக்குக் கொண்டுவரும்போதுதான் இடர்ப்பாடு. மராத்திச் சொல் விரவிய தாராவிக் கூற்றைக் கேட்கும் சரிபார்ப்பாளர் அதே நன்னோக்குடன் 'இது தமிழன்று' எனத் தள்ளிவிடக் கூடும். கலைக்களஞ்சியத்தில் குற்றமாவது பேச்சுத்தரவில் செல்வமாகும். இவ்வேறுபாட்டைத் தன்னார்வலர் பயிற்சியில் வெளிப்படையாகக் கற்பித்தல் வேண்டும்.

அண்மையில் காமன் வாய்ஸ் திட்டம் வினாவுக்கு விடையாக இயல்பாகப் பேசுவதைப் பதியும் முறையையும் சேர்த்துக்கொண்டுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2024-இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பிலும் வாசிப்புப் பேச்சு சிறு பங்கே. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். எனினும் பேச்சு தடையின்றி உள்ளே வந்தபின், அதனை எழுதும் வேலையில் எழுத்து மீண்டும் குறுக்கிடுகிறது. பேச்சுத் தமிழுக்கு அனைவரும் ஏற்ற எழுத்துக்கூட்டல் நெறி இல்லை. மும்பையில் சிக்கல் இரட்டிக்கிறது. அறையைக் குறிக்கும் 'கோலி' மராத்தியில் மூச்சொலியுடன் தொடங்கும் சொல். தமிழெழுத்தில் அது சிறுவர் ஆடும் கோலிக்குண்டாகிவிடும். அவ்வறைகள் கொண்ட தாராவியிலேயே மீனவரான கோளிகளின் பழங்குடியிருப்பும் உண்டு. அப்பெயரையும் தமிழர் 'கோலி' என்றே எழுதுவது வழக்கமாகிவிட்டது. தொழிலைக் குறிக்கும் 'தந்தா', 'தந்தால்' என்பதன் பேச்சுவடிவத்தோடு எழுத்தில் ஒன்றாகிவிடும். ஒலித்தபடி ஒன்று, எழுத்துவழக்கில் ஒன்று என ஈரடுக்காக எழுதி, கடன்சொல்லுக்குத் தனிக் குறியிடுவதே தக்க வழி. இது தனியொருவரால் ஆவதன்று. அவ்வழக்கைப் பேசுபவர் ஒருவரும் தமிழெழுத்தில் பயிற்சியுடையார் ஒருவரும் உடனமர்ந்து செய்ய வேண்டியது. எழுத்தறியாத இளைஞருக்கு அப்போது திட்டத்தில் உண்மையான இடம் உண்டாகும்.

தரவு கிடைத்தால் மொழியியலார்க்குரிய வினாக்கள் சொற்கடனோடு நில்லா. கம்பர்சும் வில்சனும் 1971-இல் மகாராட்டிரத்துக் குப்வார் சிற்றூரை ஆய்ந்து, அங்கு வழங்கும் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் தொடரமைப்புகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதைக் காட்டினர். நூறாண்டுக்கு மேலாக மராத்தியோடும் இந்தியோடும் பழகும் தாராவித் தமிழில் அத்தகைய நெருக்கம் நேர்ந்துள்ளதா? படித்துப் பதிந்த வாக்கியங்கள் எத்தனை ஆயிரம் சேரினும் இதற்கு விடை தாரா. அவற்றின் தொடரமைப்பு எழுதியவருடையது.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022-இல் முடிவாயிற்று. வீடுதோறும் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அங்கேயே வீடு பெறும் தகுதியில்லாதோர்க்கு நகரின் வேறு பகுதிகளில் குடியிருப்பு என்பது திட்டம். ஒரு தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்து ஒரு வழக்கைப் பேசியோர் வெவ்வேறு புறநகர்களுக்குப் பெயரும் முன்னரே இப்பதிவு நடைபெறல் வேண்டும்.