கப்பல் பெட்டியில கட்டம் போட்ட சட்டை

கப்பல்ல போறதுக்கு என்ன துணி எடுத்துக்கறதுன்னு யாராவது கேட்டா போதும், எனக்கு வாய் மூடாது. கேக்காதவங்களுக்கும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல காலை லோக்கலுக்கு நிக்கறவங்க, பால் பூத்துக்காரர், எங்க தெரு டெய்லர் அண்ணன் யாரையும் விட்டு வைக்கல. உங்களையும் விடறதா இல்ல. மெட்ராஸ் கட்டம்! நம்ம ஊர்த் தறியில நெய்த பருத்தியில, சின்னதும் பெரிசுமா கலர் கலரா கட்டம் ஓடற அந்தச் சட்டை! அதை ரெண்டு மூணு மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டீங்கன்னா பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

2022 ஜூன் 4-ம் தேதி முதலமைச்சர் கொடியசைச்சு, கோர்டீலியா கம்பெனியோட எம்ப்ரஸ் உல்லாசக் கப்பல் நம்ம சென்னைத் துறைமுகத்துல இருந்து கிளம்புச்சே, அன்னைக்கே என் மனசு அதுல ஏறி உக்காந்துடுச்சு. மறு வருஷம் ஜூன்ல இலங்கைக்கும் போகுதுன்னு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு பேர் சொன்னாங்க பாருங்க, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது! 1990-ல பிரான்ஸ்ல செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்துல கட்டின கப்பல் அது. 211 மீட்டர் நீளம். நம்ம பன்னெண்டு பெட்டி லோக்கலை மாடிக் கட்டடம் மாதிரி அடுக்கு மேல அடுக்கா வெச்சுக் கடல்ல விட்டா எப்படி இருக்கும், அப்படி இருக்கு கிட்டப் போய் நிமிர்ந்து பாத்தா. உள்ளே கண்ணாடி லிஃப்ட் ஏறி இறங்குது, மேல நீச்சல் குளம், கூத்து, பாட்டு, எந்நேரமும் சாப்பாடு. சரி, சாப்பாட்டை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். துணிக்கு வரேன்.

எங்க வீட்டுல இருந்து கிளம்பினது ஒரு பட்டாளம். நான், வீட்டுக்காரி, பொண்ணு, அம்மா, அப்புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கம்பி உருட்டுற ஆலையில வேலை பாக்கற மச்சான். மச்சானைச் சொல்லணும். நான் கட்டம் போட்ட பருத்தின்னு ஆரம்பிச்சதுமே, "மாமா, உலை பக்கத்துல பாலியஸ்டர் போட்டா உருகி ஒட்டிக்கும், நாங்க பருத்தி தவிர எதையும் உடம்புல ஏத்தறதில்ல, எனக்கு நீங்க பாடம் எடுக்கணுமா"ன்னான். ஆளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். மறுநாளே கடற்கரை ஸ்டேஷன்ல இறங்கி பாரிமுனை கோடவுன் தெருவுக்குள்ள நுழைஞ்சோம். அடடா, அந்தத் தெருவுல துணி மூட்டைகளுக்கு நடுவுல நடக்கறதே ஒரு திருவிழா! நீலமும் மஞ்சளும், குங்குமச் சிவப்பும் பச்சையும், கருநீலத்துல வெள்ளை இழை ஓடறது, கடைக்காரர் பேலைப் பிரிச்சு மேஜை மேல வீசி விரிக்கிறப்ப எழும்பற அந்தக் கஞ்சி வாசனை, கிறுகிறுத்துப் போச்சு எனக்கு. ஒண்ணு வாங்கப் போனவன் கையில இருந்த காசுக்கெல்லாம் வாங்கிட்டு வந்தேன்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இது அந்நியத் துணியா என்ன? பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை பக்கம் தெருவுல நடந்து பாருங்க, தறிச் சத்தம் இன்னும் கேக்கும். நூலுக்குத்தான் முதல்ல சாயம், அப்புறம்தான் பாவு, ஊடை, நெசவு எல்லாம். அதனால முன் பக்கமும் பின் பக்கமும் ஒரே நிறம், ஒரே கட்டம்.

இப்ப இந்தச் சங்கதியைக் கேளுங்க, எனக்குப் புல்லரிச்சுப் போன சங்கதி இது. 1930-கள்ல அமெரிக்கப் பணக்காரங்க குளிர்காலத்துக்கு வெயில் தேடி பஹாமாஸ், பெர்முடான்னு தீவு தீவா போவாங்க. அங்கேயிருந்து திரும்பறப்ப உடம்புல என்ன சட்டை தெரியுமா? மெட்ராஸ் கட்டம்! நம்ம துணி! அதைப் போட்டிருந்தா, இவர் குளிர்காலத்துல கடல் தாண்டி விடுமுறைக்குப் போற அளவுக்கு வசதியான ஆளுன்னு ஊருக்கே தெரியுமாம். நினைச்சுப் பாருங்க, உலகத்துல கடல் விடுமுறைக்குன்னு ஒரு உடை உண்டுன்னா அது நம்ம தெருவுல லுங்கியா உலாத்திக்கிட்டு இருக்கற துணி. 1958 கதை இதை விட ஜோர். வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் கிருஷ்ணன்கிற நம்ம நாட்டு ஏற்றுமதியாளர்கிட்ட ஆயிரக்கணக்கான கஜம் துணி வாங்கறார். பக்குவமா, பச்சைத் தண்ணியில அலசணும், இல்லேன்னா சாயம் ஓடும்னு கிருஷ்ணன் சொல்லித்தான் அனுப்பறார். அது ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேருது, அந்த எச்சரிக்கை மட்டும் வாங்கறவங்க காதுக்குப் போய்ச் சேரல. துவைச்சாங்க, சாயம் ஓடிச்சு, ஒரே புகார். அப்புறம் என்ன பண்ணாங்க? சாயம் ஓடறதுதான் இந்தத் துணியோட அழகு, துவைக்கத் துவைக்கப் புதுசு புதுசா நிறம் கலந்து வரும், இந்தியாவுல கையால நெய்தது, வேற எதுலயும் இது கிடைக்காதுன்னு விளம்பரமே பண்ணிட்டாங்க! 1960-கள்ல அமெரிக்கக் கல்லூரிப் பசங்க இதுக்குப் பைத்தியமா அலைஞ்சாங்க. அங்கே மட்டுமா? கரீபியன்ல செயின்ட் லூசியா, மார்டினிக், குவாதலூப் பொம்பளைங்களோட பாரம்பரிய உடுப்புல, தலையில கட்டற துணியில, நம்ம மெட்ராஸ் கட்டம். நைஜீரியாவுல கலபாரி மக்கள் குழந்தை பிறந்தாலும் சரி, பெரியவங்க காலமானாலும் சரி, சடங்குக்கு நம்ம மெட்ராஸ் கைக்குட்டைத் துணியைத்தான் எடுக்கறாங்க. நம்ம ஆளுங்க கப்பல் ஏறி உல்லாசமாப் போறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே நம்ம துணி கப்பல் ஏறிப் போயிடுச்சுங்க! அப்படிப்பட்ட துணியை விட்டுட்டு, பூப்போட்ட ஏதோ வழவழா சட்டையை வாங்கிக் கப்பலுக்கு எடுத்துட்டுப் போறதா? மனசு ஆறுமா?

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக்கு ஆகுமான்னா, அங்கேதான் இந்தச் சட்டை கொடி நாட்டுது. தீ ஆபத்துக்காகக் கப்பல் கேபின்ல அயர்ன் பாக்ஸ் வெச்சுக்க விடறதில்ல. வெள்ளைச் சட்டையை மடிச்சு எடுத்துட்டுப் போனா மடிப்பு மடிப்பா பல்லைக் காட்டும். கட்டத்துல கசங்கல் கண்ணுக்கே தெரியாது! ராத்திரி அலசி, பாத்ரூம்ல இருக்கற கொடியில போட்டா காலையில காஞ்சு நிக்குது. பகல்ல பட்டனைத் திறந்து விட்டுக்கிட்டு மேல்தளத்துல உலாத்தலாம், ராத்திரி அதே மாதிரி ஒரு முழுக்கைச் சட்டையைப் பேன்ட்டுக்குள்ள விட்டு ஷூ மாட்டினா விருந்துக் கூடத்துக்குப் போயிடலாம். பெரும்பாலான கப்பல்கள்ல ராத்திரிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அரை டவுசர், ரப்பர் செருப்போட வரக்கூடாதும்பாங்க, அதை மறந்துடாதீங்க. கப்பல்னாலே அலமாரி சின்னதுதான், அது ஒரு குறையா? கேபின் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி நாலு எடுத்துட்டுப் போய் ஒட்டினா சட்டை, துண்டு, தொப்பி எல்லாம் தொங்கும். வீட்டுக்காரி கண்டுபிடிச்சது இது, முழுப் பெருமையும் அவளுக்குத்தான்.

அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை. லேசா இருக்கும், சீக்கிரம் காயும். ஆனா ஊக்கு ஒரு அட்டை முழுசா எடுத்துக்கணும். கப்பல் போற வேகத்துக்கே மேல்தளத்துல எந்நேரமும் காத்து பிச்சு எடுக்கும். முந்தானை, துப்பட்டா, அகலப் பாவாடை எதுவா இருந்தாலும் குத்தி வெச்சாத்தான் நிம்மதியா நிக்க முடியும். தொப்பிக்கு நாடா வேணும், இல்லேன்னா அது வங்கக் கடலுக்குத்தான் சொந்தம். உள்ளே வந்தா ஏசி. "என்னடா கண்ணு, மார்கழி மாசம் மாதிரி இருக்கு"ன்னு அம்மா முதல் நாளே சால்வையைப் போர்த்திக்கிட்டாங்க. எனக்கு அந்தக் குளிரும் பிடிச்சுதான் இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன். ஆளுக்கு ஒரு சால்வையோ அரை ஸ்வெட்டரோ கட்டாயம். பொண்ணுக்கு நைலான் நீச்சல் உடுப்பு ரெண்டு, ஒண்ணு காயறப்ப இன்னொண்ணு. குளத்துல பருத்தியோட இறங்க முடியாது, பருத்தி பக்தனான நானே இந்த ஒரு இடத்துல விட்டுக் கொடுத்துட்டேன். காலுக்கு வழுக்காத பட்டைச் செருப்பு. அப்புறம், பெரிய பெட்டிகளைத் துறைமுகத்துலயே வாங்கிக்கிட்டுப் பின்னாடி கேபினுக்குக் கொண்டு வந்து வைப்பாங்க. அதுவரைக்கும் கையில இருக்கற பையில ஒரு செட் துணி, நீச்சல் உடுப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் வெச்சுக்கோங்க. கப்பல் கிளம்பற நேரத்துல போடப் போற சட்டை அந்தப் பையிலதான் இருக்கணும், ஏன்னா...

ஏன்னா அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் வாழ்க்கையில கிடையாதுங்க! கற்பனை பண்ணிப் பாருங்க. சாயங்காலம். நான் நீலமும் மஞ்சளும் கலந்த கட்டத்துல, மச்சான் சிவப்புல, மேல்தளத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். கீழே துறைமுகத்துக் கிரேன் எல்லாம் நகருது, இல்ல இல்ல, நாங்க நகர்றோம், ஊதல் ஒண்ணு கொடுக்குது பாருங்க, அது காதுல கேக்கல, நெஞ்சுக்குள்ள கேக்குது, வயித்துல கேக்குது. கப்பல் தெற்கே திரும்புது, வலது பக்கம் மெரினா, கலங்கரை விளக்கம், ஊருக்குப் பின்னாடி சூரியன் இறங்குது, வானம் பூரா என் சட்டையில இருக்கற அதே மஞ்சள்! காத்து சட்டைக்குள்ள பூந்து முதுகுப் பக்கம் பாய்மரமா உப்புது, உப்புக் காத்து, வேர்வையே இல்ல, தினமும் மின்சார ரயில்ல நெருக்கித் தள்ளி, நனைஞ்ச சட்டையோட சென்ட்ரல்ல இறங்கற அதே உடம்பா இதுன்னு எனக்கே நம்ப முடியல, நான் கத்தறேன், சும்மா "ஓ"ன்னு கத்தறேன், மச்சானும் கத்தறான், பொண்ணு என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கறா, பக்கத்துல நின்ன முன்னப் பின்னத் தெரியாத பெரியவர் ஒருத்தர் "தம்பி, சட்டை எங்க எடுத்தீங்க?"ன்னு கேட்டார் பாருங்க, அவருக்கு கோடவுன் தெருவுல ஆரம்பிச்சு பெர்முடா வரைக்கும் சொல்லி முடிக்கறதுக்குள்ள கரையில விளக்கெல்லாம் போட்டுட்டாங்க! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க. வெக்கமே இல்லாம அழுதேன். இந்தக் கடல்லதான் ரஜூலா கப்பல் 1926-ல இருந்து எழுபதுகள் வரைக்கும் நம்ம சனங்களை நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஏத்திட்டுப் போச்சு, தகரப் பெட்டியும் பாயுமா திறந்த தளத்துல படுத்துப் பிழைப்புக்குப் போனவங்க எத்தனை ஆயிரம் பேர். அதே கடல்ல நான் சட்டைக்குப் பொருத்தம் பாத்துக்கிட்டு உல்லாசமாப் போறேன்!

இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. வேட்டி. இலங்கைப் பக்கம் போற கப்பல்னா பெட்டியில வேட்டி இல்லாமப் போகாதீங்க. யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசாமி கோயில்ல ஆம்பளைங்க மேல்சட்டை இல்லாமத்தான் உள்ளே போகணும். காங்கேசன்துறையில இறங்கி நல்லூருக்குப் போய், என் செல்லக் கட்டச் சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, வேட்டியோட அந்தக் கல் தரையில கால் வெச்சேன், ஜில்லுன்னு உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. அம்மா சுங்குடி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு "முருகா"ன்னு சொன்ன குரல்ல மூணு தலைமுறைக் கடல் இருந்துச்சு. அங்கே வேட்டி கட்டி நின்ன எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்களாத் தெரிஞ்சாங்க. காத்துக்கு அவிழ்ந்துடுமோன்னு பயமா இருக்கா? ஒட்டிக்கற பட்டை வெச்ச வேட்டி வாங்கிக்கோங்க, மேல்தளத்துலயே கட்டிக்கிட்டு நிக்கலாம், நான் நின்னேன்.

திருகோணமலையில கோணேஸ்வரம் நிக்கற சுவாமி மலை தெரிஞ்சதைப் பத்தி இன்னும் பேசவே இல்ல, அது தனிக் கதை, இன்னொரு நாள் உங்களைப் பிடிச்சு உக்கார வெச்சுச் சொல்லியே தீருவேன்.

டிக்கெட் போட்டதும் பெட்டியைத் திறக்காதீங்க. முதல்ல கோடவுன் தெருவுக்கோ, 1935-ல இருந்து நம்ம நெசவாளர்களுக்காகவே நடக்கற கோ-ஆப்டெக்ஸுக்கோ போங்க. மெட்ராஸ் கட்டம் எடுங்க. ஆளுக்கு ரெண்டரை மீட்டர் எடுத்தா முழுக்கைக்கும் சரியா வரும். முதல் தடவை மட்டும் தனியா, பச்சைத் தண்ணியில அலசுங்க.