தற்புகழ்ச்சியும் அவையும்: நன்னூற் பாயிர விதி பற்றிய ஒரு மறுமதிப்பீடு

படைப்பாளி தன் படைப்பைப் பற்றித் தானே பேசலாமா என்னும் வினா தமிழ் மரபிலே புதியதன்று. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தனது பாயிரப் பகுதியில் இவ்வினாவுக்கு நேரடியாகவே விடை கூறுகின்றது. எத்துணை அரிய நூலைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது அதன் பொதுவிதி. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக நன்னூல் ஈழத்துக் கல்வி மரபில் ஆழ வேரூன்றியது. அதனால் இவ்விதி இலக்கணக்காரருக்குரிய விதியாக மட்டும் நில்லாது, கற்றோரின் நல்லொழுக்க விதியாகவும் கொள்ளப்படலாயிற்று. தம் நூலைத் தாமே எடுத்துக் காட்டும் இளம் எழுத்தாளரைத் ‘தம்பட்டம் அடிப்பவர்’ என இன்று கண்டிப்போரும் அறிந்தோ அறியாமலோ இம்மரபிலேயே நிற்கின்றனர். ஆயின் அவர்கள் விதியின் முற்பாதியை மட்டுமே நினைவிற் கொண்டுள்ளனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பொதுவிதியைக் கூறிய நன்னூலார் அதனை அடுத்து நான்கு புறனடைகளை வகுக்கின்றார். அரசவைக்கு ஓலைத்தூக்கு எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அவர் கருத்து. இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகும். அரசவையும் வாதமன்றும் கூற்றைச் சோதிக்க வல்ல இடங்கள். அங்கே தன்னைப் புகழ்பவன் அப்புகழுக்கு உடனே கணக்குக் காட்ட வேண்டியவனாகின்றான். மற்றைய இரண்டும் மௌனத்தால் உண்மைக்குக் கேடு விளையும் சூழல்கள். அறியாதாரிடத்து மௌனம் சாதித்தால் அறியாமை தொடரும். பழிப்புக்கு மறுமொழி கூறாவிடில் பழிப்பே நிலைத்துவிடும். ஆகவே நன்னூலார் விலக்கியது தன்னைப் பற்றிய பேச்சு முழுவதையுமன்று. தேவையுமின்றிச் சோதனைக்கும் உட்படாத பேச்சையே எனலாம்.

புலவன் தானே பேசாவிடத்து வேறு யார் பேசுவது? இதற்கும் நன்னூலில் விடையுண்டு. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வருள் ஒருவர் சிறப்புப்பாயிரம் கூறவேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவராக மரபு கூறும். அப்பாயிரம் நூல் அரங்கேறிய அவையையும், அங்கிருந்து கேட்ட அதங்கோட்டாசானையும் குறிப்பிடத் தவறவில்லை. பாயிரத்தில் இடம்பெற வேண்டியவை எவை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும், காலம், களம், காரணம் என மூன்றும் கூறப்படுகின்றன. இப்பதினொன்றும் பெரும்பாலும் செய்திகளே. சிறப்புப்பாயிரம் எனப் பெயர் பெற்றிருப்பினும் அதன் உடல் புகழுரையன்று, அறிமுகமே.

இவ்விதியின் சமூக அடித்தளத்தையும் கருத வேண்டும். புரவலனை அண்டிப் புலவன் வாழ்ந்த காலத்திற் கேட்போர் சிலர். அவர் ஒருவரையொருவர் அறிந்தவர். ஆசிரியனும் உடன் கற்றோனும் இருந்தாலன்றி ஒருவன் புலவனாதல் அரிது. அச்சு யுகத்தில் இந்நிலை மாறிற்று. வாசகர் முகமறியாதவராயினர். ஈழத்திலோ எழுத்தாளர் பலர் தம் நூலுக்குத் தாமே பதிப்பாளரும் விற்பனையாளருமாயினர். ஆயினும் பழைய விதியின் புறவடிவம் விடப்படவில்லை. நூலின் முகப்பிலே அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை என மூன்று நான்கு அடுக்கப்படுகின்றன. வெளியீட்டு விழாவில் வெளியீட்டுரை, நயவுரை, சிறப்புரை என வரிசை நீள்கின்றது. அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் பிடித்து, பேச்சாளரைத் தேடி, முதற்பிரதி பெறுபவரையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்த நூலாசிரியர், இறுதியில் ஏற்புரைக்கு எழுந்து தாம் எளியவர் என்று அவையடக்கம் கூறுகின்றார். தற்புகழ்ச்சி இங்கே ஒழிந்துவிடவில்லை. பிறர் வாயில் இடம் மாறியுள்ளது. இன்று ஒருவருக்கு நயவுரை கூறியவர் நாளை அவரிடமிருந்தே அதனைத் திரும்பப் பெறுகின்றார். விதியின் எழுத்துக் காக்கப்படுகின்றது, அதன் நோக்கமோ கைவிடப்படுகின்றது.

இந்நிலையால் அதிகம் இழப்பவர் யாவர்? திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வழியில் உள்ள சாம்பல்தீவு போன்றதோர் ஊரிலிருந்து முதன்முதலாக எழுதப் புகும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். அணிந்துரை வழங்கும் பேராசிரியர் எவரும் அவருக்கு அறிமுகமில்லை. உடன் கற்றோர் தொழில் தேடிச் சிதறியிருப்பர். நால்வரும் இல்லாத அவர், பொதுவிதியையும் கைக்கொள்வாராயின், ஒருபோதும் அறியப்படமாட்டார். பிறருடைய அணிந்துரைகளைப் பெற வல்லவரோ விதியை மீறாமலே விளம்பரம் பெறுவர். சமமற்ற சமூகத்தில் அடக்கத்தின் சுமையும் சமமாகப் பகிரப்படுவதில்லை. ‘தன் ஆற்றல் அறியாதாரிடை’ என்னும் நன்னூலாரின் புறனடை இத்தகையோருக்கே முதலில் உரியது.

இப்புறனடையை வாழ்ந்து காட்டியவருள் டொமினிக் ஜீவா குறிப்பிடத்தக்கவர். ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே எழுதிய அவர், 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். 2012 வரை அது வெளிவந்தது. இதழ்களைக் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றவர் அவர். மரபு நோக்கில் இது தன்னைத் தானே சந்தைப்படுத்தல் எனப்படலாம். ஆயின் அவர் சுமந்து சென்ற இதழின் அட்டையிற் பிற எழுத்தாளரதும் கலைஞரதும் உருவங்களே தொடர்ந்து இடம்பெற்றன. தமிழகத்தில் ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றவர். திருகோணமலையிற் பிறந்த தருமு சிவராமூ, பிற்காலத்துப் பிரமிள், 1960களின் தொடக்கத்தில் அவ்விதழிலேயே தம் கவிதைகளாலும் விமர்சனங்களாலும் கவனம் பெற்றார். அவருக்கு வாய்த்தது புகழ்வோர் கூட்டமன்று. படித்து மறுத்துரைக்கக் கூடிய ஓர் அவை. 2007 முதல் திருகோணமலையிலிருந்து எஸ். ஆர். தனபாலசிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கவிதையிதழ் ‘நீங்களும் எழுதலாம்’ என்றே பெயர் தாங்கியதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அப்பெயர் புதியவரை அவைக்கு அழைக்கும் பெயர்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வொருவரும் தம்மைத் தாமே எடுத்துரைக்கப் புகுந்தால் கேட்பவர் எவரும் எஞ்சமாட்டார். உரத்த குரலுடையவனே வெல்வான். ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பர். மறுப்பு நியாயமானதே. ஒரே ஈடுபாட்டால் ஒன்றுகூடும் எந்தக் கூட்டமும், வருவோர் யாவரும் தம் சரக்கை விற்கவே வருவாராயின் விரைவிற் கலைந்துவிடும். கட்டுப்பாடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதன்மீது கட்டுப்பாடு என்பதே வினா. பேசுபவர் யார் என்று பார்த்து வாயை அடைப்பதிலும், பேசப்படுவது எது என்று பார்ப்பதே நன்னூலுக்கு இயைந்தது. படைப்பாளி தன் நூலின் பெயரையும் பொருளையும், அது எவருக்காக எழுதப்பட்டது, எக்காரணத்தால் எழுந்தது என்பதையும் தானே கூறலாம். அவை பாயிரச் செய்திகள். அந்நூல் சிறந்தது என்னும் தீர்ப்பை அவைக்கு விட வேண்டும். தன் நூலைக் கேட்கச் செய்பவன் பிறர் நூலையும் கேட்க வேண்டும் என்பது ஜீவாவின் அட்டைப்படங்கள் உணர்த்தும் மேலதிக நிபந்தனை.

ஆயின் அவை இல்லாதவிடத்து இந்த ஒழுங்கு முழுவதும் பொருளற்றுப் போகும். நன்னூலார் காலத்தில் அரசவை செய்த பணியை இன்று செய்ய வேண்டியவற்றுள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் அடங்கும். அவை பெரும்பாலும் ஏற்கெனவே புகழ்பெற்றோரை மேடைக்கு அழைப்பதோடு அமைந்துவிடுகின்றன. அறிமுகக் கடிதமின்றி, அணிந்துரையின்றி, தபாலில் வந்து சேரும் ஒரு மெல்லிய கவிதைத் தொகுதியை எடுத்துப் படித்து, அதன் நிறைகுறைகளை எழுத்தில் வெளியிடும் பொறுப்பை அவை ஏற்க வேண்டும். அப்பொறுப்பு ஏற்கப்படும் நாளில் சாம்பல்தீவு இளைஞர் தம்மைப் புகழ வேண்டியிராது. நூலை அனுப்பினாற் போதும். அதுவரையில், அவர் தமக்காகத் தாமே பேசுவதைக் குற்றமெனக் கூறும் உரிமை கற்றோருக்கு இல்லை.