கடலோரக் கிராமத்தின் கதையும் நமது கரையும்

மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) அவர்களின் 'சாய்வு நாற்காலி' நாவலுக்கே 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. எனினும் கற்பிட்டி, புத்தளம் கரையில் வாழும் எமக்கு மிக நெருக்கமானது 1988இல் நூலாக வந்த 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யே எனலாம். மலையாளம் கலந்த தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு சில இடங்களில் எம்மைத் தடுத்தாலும், வாப்பாவும் உம்மாவும் மௌத்தும் எமது வீட்டுச் சொற்களே.

நாவலின் மையம் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம். பணமும் குடும்பப் பெருமையும் பள்ளிவாசல் செல்வாக்கும் ஒரே கையில் இருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. ஊருக்கு ஆங்கிலப் பாடசாலை வருவதை முதலாளி எதிர்க்கிறார். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்ற அச்சம் நமது நாட்டிலும் இருந்தது. 'அசன்பே சரித்திரம்' (1885) எழுதிய அறிஞர் சித்தி லெப்பை, கல்விக்காக உழைத்தபோது அதனோடுதான் போராடினார். மிஷனரிப் பாடசாலைகளைக் கண்ட மக்களின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த அச்சத்தால் இலாபம் அடைபவர் யார் என்று மீரான் கேட்கிறார். அவரது ஞானம் அங்கேதான் இருக்கிறது.

சமூகத்தின் அழுக்கைப் பிறர் பார்க்க விரித்துப் போட்டார் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. இக்கதை முதலில் தொடராக வந்தது 'முஸ்லிம் முரசு' இதழில் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அவர் முதலில் பேசியது நம்மோடுதான்.

குறையும் உண்டு. மக்களை ஏமாற்றும் தங்ஙளை அவர் நன்கு தோலுரிக்கிறார். ஆனால் ஏழைகளுக்கு ஆறுதலாக இருந்த தரீக்காக்களின் நல்ல பக்கத்திற்கு இந்நாவலில் போதிய இடமில்லை.

இன்று நமது கிராமங்களில் எவரும் பாடசாலையை எதிர்ப்பதில்லை. ஆயினும் பாடசாலைக் கூட்டத்தில் யார் பேசுவது, யார் வாய்மூடி இருப்பது என்பதைக் குடும்பப் பெயர் தீர்மானிக்கும் ஊர்கள் இன்னும் உள்ளன. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இதைக் கண்டே எழுதுகிறேன். வடக்கு வீடு இடம் மாறியிருக்கிறதே தவிர இடிந்துவிடவில்லை. அதனாலேயே இந்நாவல் இன்னும் பழையதாகவில்லை. உயர்தர வகுப்பு மாணவர் கையில் இதைக் கொடுப்பது நமது கடமையாகும்.