அறிவிப்பு ஏற்றும் மனை விலை

திருச்சிக்குத் தெற்கே பஞ்சப்பூர் என்றால் மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கே ஒருங்கிணைந்த பேருந்து முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 மே 9 அன்று திறப்பு விழா நடந்து, ஜூலையில் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்து வருவதற்கு வெகு முன்பே மனை விலை ஓடத் தொடங்கிவிட்டது. புதிய பேருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிடம், விமான நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதே மனை விற்போரின் முதல் பேச்சு. வளரும் புறநகரில் வீட்டு விலையை நிர்ணயிப்பவை வேலைவாய்ப்பு, சாலை, பள்ளி, தண்ணீர், வங்கி வட்டி என்று பாடம்போல் சொல்லிவிடலாம். திருச்சியின் தெற்கிலோ இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அரசின் அறிவிப்பு. அறிவிப்பை நம்பி மனை வாங்கும் இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது சாலையை மட்டும் பார்த்து, தண்ணீரையும் பத்திரத்தையும் பார்க்காமல் விலை வைக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1960களில் பெல் தொழிற்சாலையும் மண்டலப் பொறியியல் கல்லூரியும் வந்தபோது, திருவெறும்பூரும் துவாக்குடியும் நகரத்துக்கு வெகுதூரம். முன்கூட்டி அங்கே இடம் வாங்கிய தொழிலாளர் குடும்பங்கள்தான் பிறகு சொந்த வீட்டில் குடியேறின. தில்லைநகரிலோ கண்டோன்மென்டிலோ மாதச் சம்பளக்காரர் புதிதாக இடம் வாங்குவது இன்று நடக்கிற காரியமில்லை. மலைக்கோட்டையைச் சுற்றிய கடைவீதிப் பகுதி எப்போதோ நிரம்பிவிட்டது. நகரம் எந்தத் திசையில் நகரும் என்பதை அறிவிப்பு முன்னதாகச் சொல்வதால், கையில் கொஞ்சம் சேமிப்பு உள்ளவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. இதை வெறும் பேராசை என்று ஒதுக்குவது, வாடகை வீட்டில் வயதாகிக்கொண்டிருப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

கோளாறு அறிவிப்பின் வகைகளைப் பிரித்துப் பார்க்காததில் தொடங்குகிறது. 2024இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் புதிய முனையம் கண்ணெதிரே நிற்கும் கட்டடம். சமயபுரத்திலிருந்து வயலூருக்கும், துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்கும் மெட்ரோ ரயில் என்பது சாத்தியக்கூறு அறிக்கையில் உள்ள கோடு. மனை விளம்பரத்தில் இரண்டும் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன. பேருந்து முனையமே எங்கே அமையும் என்பது பல ஆண்டுகள் இடம் மாற்றி மாற்றிப் பேசப்பட்ட விஷயம்தான். ஒவ்வொரு பேச்சையும் நம்பி எங்கோ ஒரு மூலையில் பணம் முடங்கியிருக்கும். முதலீட்டுக்காக மட்டும் வாங்கிய மனைகளில் சீமைக் கருவேலம் வளர்கிறது. அவற்றுக்கு நடுவே வீடு கட்டிக் குடியேறியவர் தெருவிளக்குக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் மனுக் கொடுத்துக் காத்திருக்கிறார். குடியேற்றமே இல்லாமல் விலை மட்டும் ஏறிய தெருவுக்கு உள்ளாட்சி அமைப்பு அவசரப்பட்டு எதையும் செய்வதில்லை.

அறிவிப்புக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? உண்மையான விற்பனை விலை எங்கும் பதிவாகாததே காரணம் என்று கருதுகிறேன். பத்திரத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு. கை மாறும் தொகை வேறு. அந்த வழிகாட்டி மதிப்பின் வரலாறே தடுமாற்றம்தான். 2012இல் உயர்த்தப்பட்டது. 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றப்பட்டது. 2023 ஏப்ரலில் 2012ஆம் ஆண்டின் மதிப்பே திரும்பவும் வந்தது. கட்டணம் 2 சதவீதமானது. 2024 ஜூலையில் மறுபடி திருத்தம். பதினோரு ஆண்டுக்கு முந்தைய எண்ணுக்குத் திரும்பிய ஓர் அளவுகோல், அதற்குள் முகமே மாறிவிட்ட ஊரின் விலையை எப்படிச் சொல்லும்? வங்கியோ எழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் கடன் தரும். மீதியை நகையை அடகு வைத்தும், வெளியில் வட்டிக்கு வாங்கியும் கட்டுகிறவர் நடுத்தரக் குடும்பத்தார். பக்கத்து மனை உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க ஏடு இல்லாதபோது, புரோக்கரின் வாய்ச்சொல்லே ஆதாரமாகிறது.

இதைவிடப் பெரிய குறை, வெள்ளத் தண்ணீரைப் பார்க்காதது. பஞ்சப்பூர் பக்கம் ஓடும் கோரையாறு, உய்யக்கொண்டான் வாய்க்கால், குடமுருட்டி ஆகியவை திருச்சியின் தெற்கு, மேற்குப் பகுதிகளின் வெள்ளத்தை வடிக்கும் வழிகள். 2005 நவம்பரில் இவை கரை மீறியபோது நகரின் மேற்குப் பகுதி நீரில் நின்றது. ஆயினும் விலைப் பேச்சில் அந்த ஆண்டு இடம்பெறுவதே இல்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதியும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான ரெரா பதிவும் இருக்கும்போது என்ன பயம் என்று கேட்பார்கள். அவை வந்த பிறகு சாலை அகலமும் பூங்கா இடமும் ஒழுங்குக்கு வந்தன. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை 2016இல் உயர் நீதிமன்றம் தடுத்ததும் நல்ல திருப்பமே. ஆனால் நீர்நிலை தொடர்பாகத் துறைகள் தரும் தடையின்மைச் சான்று கோப்போடு தங்கிவிடுகிறது. தன் மனையில் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்பது வாங்குபவரின் கைக்கு வருவதில்லை. சந்தையே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பவர்களுக்கும் இதுதான் பதில்: பெருவெள்ளம் பல ஆண்டுக்கு ஒருமுறை வருவது, மனை விற்றவர் சில மாதத்தில் கணக்கை முடித்துவிட்டுப் போகிறவர்.

ஸ்ரீரங்கத்தை இதோடு ஒப்பிட்டால் வேறொரு பாடம் கிடைக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில் நிலம் வளர வழியில்லை. கோயிலைச் சுற்றிக் கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஓய்வுபெற்றவர்களும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோரும் அரங்கன் அருகே இருக்க விரும்பி வருகிறார்கள். 2022 நவம்பர் முதல் சில மாதங்கள் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோதும் அந்த விருப்பம் குறையவில்லை. இங்கே விலைக்குப் பின்னால் நிற்பது குடியிருக்கும் ஆசை. ஆகவே அறிவிப்பு விலையை விட இது உறுதியானது. ஆனாலும் தீவு பழுதற்றதன்று. வீடு நிற்கும் நிலத்துக்குக் கோயில் நிர்வாகம் உரிமை கோரும் அடிமனைகளில், தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாமல் தவித்திருக்கிறார்கள். ஏறிய விலை அவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய். உரிமை தெளிவில்லாத இடத்தில் விலை என்பதற்கே பொருள் குறைவு.

வெள்ள விவரத்தை வெளியிட்டால் தாழ்வான பகுதியில் ஏற்கெனவே வீடு கட்டிய ஏழைகளின் சொத்து மதிப்பு சரியுமே என்பது கனமான எதிர்வாதம். சரியத்தான் செய்யும். ஆனால் மறைத்தால் அந்த இழப்பு அடுத்து வாங்கும் இன்னொரு ஏழையின் தலையில் விழும். வெளிப்பட்டாலோ வடிகால் கேட்டுப் போராட அந்தத் தெருவுக்கே ஓர் ஆவணம் கிடைக்கும். எனவே மாநகராட்சியும் நீர்வளத் துறையும் பதிவுத் துறையும் சேர்ந்து, 2005 வெள்ளத்தின் அளவையும் நில உரிமை வழக்குகளையும் சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பின் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். அதுவரை, பஞ்சப்பூர் பக்கம் மனை தேடுபவர்கள் வில்லங்கச் சான்றோடு தாய்ப்பத்திரத்தையும் வாங்கிப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை அந்த மனையில் போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.